வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து

செய்தி தொலைபேசியில் வந்தது. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதும் நான் நடத்தும் நம் இதழின் புதிய பிரதிகள் பரவிக் கிடந்தன. நான் உறைகளில் முத்திரை ஒட்டிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் நடேசன் பேசினார். "அண்ணை, தேவகி காலமை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாள்" என்றார். நான் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்: "ஒருத்தருக்கும் பெரிசா அறிவிக்கத் தேவையில்லை. தனிக்கட்டைதானே. அவளுக்கு ஆர் இருக்கினம்?"

நடேசன் தேவகியின் கூடப்பிறந்த தமையன். துக்கத்தில் இருக்கும் மனிதரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்பதற்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை வைத்தேன். அவளுக்கு ஆர் இருக்கினம் என்று கேட்டவர் எங்கள் மேசையை வந்து பார்த்திருக்க வேண்டும். அந்த உறைகளில் இருந்த பெயர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தேவகியின் கதைக்காக மட்டுமே இதழுக்குச் சந்தாதாரர் ஆனவர்கள். உங்களில் பலருக்குத் தேவகி என்றால் யாரென்று தெரியாது. 'செம்மண்ணூரான்' என்றால் தெரியும். 'செம்மலைக் கணவாய்' என்ற கௌபாய்த் தொடர்கதையை நம் இதழில் எழுதிய செம்மண்ணூரான், பிளேஸ்டோவில் நகரசபை வாடகைக்குக் கொடுத்த ஒரு கவுன்சில் வீட்டில் தனியே இருந்து பாவாடை தைத்த ஒரு பெண். அவர் இறந்துவிட்டார். இனி அந்தப் பெயரை மறைத்து யாருக்கு என்ன லாபம்?

அவர் முதன்முதலில் என்னைத் தேடி வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில், ஒரு சனிக்கிழமை. அப்போது இதழுக்கு வருவதெல்லாம் ஊரைப் பற்றிய கவிதைகள்தான். எரிந்த வீடு, பனைமரம், திரும்பி வருவேன் என்ற சபதம். இவரும் அதைத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துத் தாள்களைப் பிரித்தேன். முதல் வரியிலேயே ஒருவன் குதிரையில் வந்தான். இரண்டாவது பக்கத்தில் துவக்குச் சூடு. நான் சிரித்துவிட்டேன்.

"தங்கச்சி, எங்கட சனத்துக்கு இப்ப குதிரை ஏன்?" என்று கேட்டேன்.

"அந்த ஊரில ஒருத்தரும் பாஸ்போட் கேக்கிறேல்லை அண்ணை. நினைச்சால் நினைச்ச பக்கம் போகலாம். அதுதான் எனக்குப் பிடிச்சது" என்றார். சிரிக்காமல் சொன்னார். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் என் தம்பி ஜெர்மனியில் ஒரு முகாமில் குந்திக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. கதையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஜோனா என்று ஒருவன். மாடு திருடினான் என்று வீண்பழி சுமத்தப்பட்டு, சட்டத்துக்குத் தப்பி மலைகளில் திரிகிறவன். ஒரு காலத்தில் அவனோடு ஒன்றாக உண்டு உறங்கிய கும்பலே பிறகு அவன் தலைக்கு அலைகிறது. கணவாயின் அடியில் வழிப்போக்கர்களுக்கு விடுதி நடத்தும் மார்த்தா என்று ஒருத்தி. அவன் எப்போது வருவான் என்று அவளுக்குத் தெரியாது. வந்தால் சோறு போடுவாள். ஆமாம், சோறுதான். அந்த ஊரில் சோறு ஏது, ரொட்டிதானே என்று நான் கேட்டதற்கு, "பசிச்சவனுக்குப் பாணைக் குடுத்து அனுப்ப எனக்கு மனம் வரேல்லை" என்றார்.

பெட்ரோல் நிலையங்களில் ஷிப்ட் செய்த பெடியன்கள் அந்தக் கதையை எப்படி வாசித்தார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். கல்லாவுக்கு அடியில் இதழை மடித்து வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் வாசிப்பார்கள். வேலைக்குப் போகும் இடத்தில் தன் பெயர் ஜோனா என்று சொல்லிக்கொண்ட ஒருவனையும் எனக்குத் தெரியும். முழுப்பெயரைச் சொல்லி வெள்ளைக்காரனின் நாக்கை உடைக்க வேண்டாமே என்பது அவன் சொன்ன நியாயம். ஜோனாவுக்கும் மார்த்தாவுக்கும் எப்போது கலியாணம் என்று கேட்டு என் தலையைத் தின்றார்கள். தமக்குப் பேசிவைத்த பெண்கள் ஊரில் பதுங்குகுழிக்குள் இருக்க, இவர்கள் மார்த்தாவின் கலியாணத்துக்கு அவசரப்பட்டார்கள்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் முத்தையா. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், கௌபாய்ப் படம் ஒன்றையும் விடாதவர். ரெய்னர்ஸ் லேனில் ஒரு மரக்கறிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது? உங்க ஜோனா வீட்டுக்குள்ள போறப்பல்லாம் பூட்ஸக் கழட்டி வாசல்ல வெச்சிட்டுப் போறான். கௌபாய் பூட்ஸோடதாங்க தூங்குவான்! கொள்ளைக்காரன் வேற. போலீஸ் வந்தா பூட்ஸப் போட்டுக்கிட்டா இருப்பான்?"

அவர் சொன்னது சரி. நாங்கள் யாரும் சப்பாத்தோடு வீட்டுக்குள் கால் வைக்காதவர்கள். அதனால் எனக்கோ அச்சுக் கோர்த்தவருக்கோ அது பிழையாகவே தெரியவில்லை. அமெரிக்க மலைநாட்டில் உள்ள கள்ளர், காவலர், மாட்டுக்காரர் எல்லோரும் வாசலில் காலணியைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். தேவகியிடம் சொன்னேன். அவர் பிழையை ஒப்புக்கொண்டார், ஆனால் திருத்த மறுத்தார்.

"நான் எங்கை அண்ணை படம் பாத்தனான்? பின்னேரத்தில டிவியில போகும். நான் தைச்சுக்கொண்டிருப்பன். கண் ஊசியில. துவக்குச் சத்தம் கேட்டால்தான் தலை நிமிருவன். அவையின்ர காலை எப்ப பாக்கிறது?"

"சரி, இனித் தெரியும்தானே. அடுத்த அத்தியாயத்தில் மாத்துங்கோ."

"மாத்தேலாது. ஜோனா கழட்டித்தான் வைப்பான். அதில மட்டும் கை வையாதேங்கோ" என்றார். எழுத்துப்பிழை, வசனம், அத்தியாயத்தின் நீளம் எதில் வேண்டுமானாலும் அவர் விட்டுக்கொடுப்பார். இந்த ஒரு விஷயத்தில் அசையவில்லை. எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிளேஸ்டோ வீட்டுக்கு நான் முதல் தடவை போனபோது கதவுக்கு உள்ளே, மிதியடிக்குப் பக்கத்தில், ஓர் ஆணின் சப்பாத்துச் சோடி இருந்தது. கறுப்பு நிறம், பளபளவென்று துடைத்திருந்தது. வேறு யாரோ ஆண்பிள்ளை வந்திருக்கிறார் என்று நினைத்துத் தயங்கி நின்றேன். தேவகி புரிந்துகொண்டு சிரித்தார். "ஒருத்தரும் இல்லை, வாங்கோ. இந்தத் தெருவில மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பெடியள் கடிதம் போடுற ஓட்டைக்குள்ளால பார்க்கிறவங்கள். ஆம்பிளை இருக்கிற வீடெண்டு நினைக்கட்டும்" என்றார். அந்தக் காலத்தில் அது நல்ல புத்திதான். அடுத்த தெருவில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் கதவு ஓட்டைக்குள் எரிகிற கடதாசியைத் திணித்திருந்தார்கள். நான் அந்தச் சப்பாத்துகளைப் பற்றி அதற்குமேல் நினைக்கவில்லை.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. ஜோனாவின் பழைய கும்பல், தங்களில் ஒருவனை, காட்டிக்கொடுத்தவன் என்று பிடித்து, தந்திக் கம்பத்தில் கட்டி, கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுச் சுடுகிறது. பலகையில் அவன் செய்த குற்றம் எழுதியிருக்கிறது. அந்த வழியால் போகிற ஊர்ச்சனம் பலகையை வாசித்துவிட்டுக் குனிந்த தலையோடு போகிறது. பிணத்தை இறக்க ஒருவரும் வரவில்லை. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். அது நம் ஊர்ச் சந்திகளில் நின்ற கம்பம் என்று எனக்குத் தெரியும். வாசித்த உங்களுக்கும் தெரிந்தது. நாம் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதைக்க வந்தவர்கள் வேறு இரண்டு பேர். ஊர் அலுவல்களைப் பார்க்கிற ஆட்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்; இயக்கத்து ஆட்கள் என்று எனக்கு விளங்கியது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மரியாதையாக என் வீட்டுக்குள் வந்து இருந்தார்கள். என் மனைவி கொடுத்த தேநீரையும் குடித்தார்கள்.

"அண்ணை, கதை நல்ல கதை. சனம் வாசிக்குது. ஆனால் முடிவு சரியா இருக்கோணும்" என்றார் ஒருவர்.

"என்ன முடிவு?"

"கள்ளன் கள்ளன்தானே. அவனையும் கம்பத்தில கட்டி முடியுங்கோ. அதுதான் நீதி. இல்லாட்டி சனம் பிழையா விளங்கிக்கொள்ளும். அடுத்த இதழோட முடியுங்கோ."

குரலை உயர்த்தவே இல்லை. என் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பயம் பிடித்தது. எனக்குப் பயமே இல்லை என்று இப்போது எழுதினால் என் மனைவி சிரிப்பாள்.

அடுத்த நாள் பின்னேரம் பிளேஸ்டோவுக்குப் போனேன். தேவகியின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெட்டி அனுப்பிய துணிகள் கட்டில் வரைக்கும் குவிந்திருந்தன. வந்தவர்கள் சொன்னதைச் சொன்னேன். "ஜோனாவைக் கம்பத்தில கட்டி முடிக்கட்டாம்" என்றேன். மெசின் நின்றது.

"அவை சொல்லுற முடிவை நான் ஏற்கெனவே ஒருக்கா வாசிச்சிட்டன் அண்ணை" என்றார்.

அப்போதுதான் யோகனின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். யோகன் அவருக்குப் பேசி முற்றாக்கியிருந்த மாப்பிள்ளை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். கலியாணத்தைப் பதிகிற எழுத்துக்கு நாளும் வைத்திருந்தார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு நடேசன் தங்கையை லண்டனுக்கு எடுத்துவிட்டார். யோகன் பின்னால் வருவதாக இருந்தது. வருவதற்கு முன்பே, அவர் யாருக்கோ தகவல் கொடுத்தார் என்று ஒரு கதை கிளம்பியது. அந்த நாட்களில் ஒருவரைக் கொல்ல அந்தளவு போதும்.

தேவகி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவராம். வாசலில வந்து கூப்பிட்டினமாம். அவர் சாப்பிட்டிட்டு வாறன் எண்டவர். சாப்பிட விடேல்லை. செருப்புப் போடவும் விடேல்லை. வெறுங்காலோட கூட்டிக்கொண்டு போட்டினம். அடுத்தநாள் சந்தியில, கம்பத்தில. கழுத்தில மட்டை. செத்தவீட்டுக்கு ஒரு குருவி வரேல்லை. பறைமேளம் இல்லை. முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க அச்சுக்கூடக்காரன் மாட்டன் எண்டிட்டான். நான் இஞ்சை. எனக்கு அழுறதுக்கு என்ன உரிமை? எழுத்து எழுதேல்லை, தாலி கட்டேல்லை. அண்ணா சொன்னார், இனி இந்த வீட்டில அந்தப் பேர் எடுக்கக்கூடாது, எங்களுக்கும் பிரச்சினை வரும் எண்டு. அடுத்தநாள் நான் வேலைக்குப் போனன்."

கட்டிலோரம் இருந்த துணிக் குவியலைத் தள்ளிவைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன்.

"அவரின்ர அம்மா அந்தச் செருப்பை வாசலை விட்டு எடுக்கவே இல்லையாம். ஆரும் கேட்டால், 'தம்பி உள்ளுக்குச் சாப்பிடுறான்' எண்டு சொல்லுவாவாம். சனம் அவவுக்கு விசர் எண்டுது. அதில என்ன அண்ணை விசர்? காலில போடுறது வாசலில கிடந்தால் ஆள் வீட்டுக்குள்ள இருக்கிறார் எண்டுதானே அர்த்தம்?"

நான் திரும்பிக் கதவடிச் சப்பாத்துகளைப் பார்த்தேன்.

"அது என்ர முதல் சம்பளத்தில வாங்கினது. அவருக்கு எட்டாம் நம்பர். இந்தக் குளிருக்குச் செருப்போட வந்து இறங்கப்போறார் எண்டு வாங்கி வைச்சனான்" என்றார். பிறகு மெசினில் நூலைக் கோர்த்துக்கொண்டே சொன்னார்: "ஒருக்காச் செத்தவனை நான் ரெண்டாந்தரம் கம்பத்துக்குக் குடுக்க மாட்டன். நீங்கள் பிள்ளை குட்டிக்காரர். பயமெண்டால் போடாதேங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

கடைசி அத்தியாயம் அடுத்த வாரமே தபாலில் வந்தது. ஜோனா களைத்துப்போய் விடுதிக்கு வருகிறான். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கால் கழுவி, உள்ளே போய் உட்காருகிறான். மார்த்தா சோறு போடுகிறாள். குதிரைகளின் சத்தம் கேட்கிறது. கும்பல் வந்து வாசலில் சப்பாத்தைக் கண்டுவிடுகிறது. மார்த்தா கதவுநிலையில் வந்து நிற்கிறாள். பொய் சொல்லவில்லை. "உள்ளேதான் இருக்கிறார். சாப்பிடுகிறார். சாப்பிட்டு முடியட்டும்" என்கிறாள். அதோடு முற்றும் என்று எழுதியிருந்தார்.

போட்டேன். ஓர் எழுத்தும் மாற்றாமல் போட்டேன். என் மனைவி, "போடுங்கோ" என்று சொன்னதால் போட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். இதழைக் கடைகளில் வைக்க மறுத்தார்கள். நன்றாகப் பழகிய கடைக்காரர்களே கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். செம்மண்ணூரான் யார் என்று என்னிடம் பலர், பலவிதமாகக் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் ஊகித்தவர்கள் இருந்தார்கள். கோயில் திருவிழாவில் தேவகி போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். நடேசன் தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். முத்தையா மட்டும் ஒரு நாள் என்னிடம் வந்து, "அந்த பூட்ஸ் விஷயத்துல நான் சொன்னத மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவருக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. அந்த முடிவை வாசித்தே அவருக்குப் புரிந்திருந்தது.

இன்னொரு கதை எழுதுங்கோ என்று எத்தனையோ தடவை கேட்டேன். "எனக்கு இருந்தது ஒரு கதைதான் அண்ணை" என்பார். தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தொழிற்சாலை மூடப்பட்டு, தையலும் நின்றது. நோய் வந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வீட்டுப் பக்கம் போனால் அந்தச் சப்பாத்தை ஒருக்காத் துடைச்சுவிடுங்கோ. தூசி பிடிச்சிருக்கும்." நான் போய்த் துடைத்தேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஒரு வான் வண்டியில் அடங்குவார்கள். ஐயர் கிரியையின்போது, இவர் கலியாணம் முடித்தவரா என்று கேட்டார். நடேசன் இல்லை என்றார். மச்சாள்காரி, நடேசனின் மனைவி, தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எழுந்து சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. இறந்தவரின் வரலாற்றை அச்சடித்து முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுக்கூட இவருக்கு இல்லை. தனிக்கட்டைக்கு யார் அடிப்பார்கள் என்று கேட்டார்கள். ஆகவே இந்தப் பக்கத்தைக் கல்வெட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டு பேருக்குமானது. சங்கக்கடை மனேச்சர் யோகன், அவருக்கென்று நிச்சயிக்கப்பட்டு அவருக்காகவே இருந்து மறைந்த தேவகி. யோகன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று தேவகி நம்பினார். தேவகியை நான் நம்புகிறேன். இதை வாசித்துவிட்டு என்னிடம் கதைக்க வருகிறவர்கள் வரலாம், தேநீர் தருவோம்.

வீட்டைக் கவுன்சிலிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் நடேசனின் மனைவி சாமான்களைக் கறுப்புப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார். சப்பாத்துகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "புதுசாக் கிடக்கு, ஒருத்தரும் போடேல்லைப் போல. தருமக் கடைக்குக் குடுக்கலாம்" என்றார். "எனக்குத் தாங்கோ" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். என்னுடையது அதைவிடப் பெரிய கால். ஆனாலும் தந்துவிட்டார்.

இப்போது அவை கிங்ஸ்பரியில் எங்கள் வாசலில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துடைக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கள் சப்பாத்தைக் கழற்றும்போது இதைக் கண்டு, "ஆரோ வந்திருக்கினம் போல, பிறகு வரட்டே?" என்று தயங்குகிறார்கள். முதல் தடவை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவிதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொன்னாள். இப்போது நானும் அதையே சொல்கிறேன்.

"ஓம், உள்ளுக்குத்தான் இருக்கினம். சாப்பிடுகினம். நீங்களும் வாங்கோ."